முதல் காசை வீட்டில் தேடுங்கள்

என் தங்கை மகளுக்கு எட்டு வயது. போன மழைக்காலத்தில் ஒருநாள் என் மேசைமேல் கிடந்த 50 ப்யா என்ற பழைய பர்மாக் காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது எந்தச் சட்டைப் பொத்தான்? ஓட்டையே இல்லையே?" என்று கேட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ரங்கூனில் இப்போது வளரும் பிள்ளைகள் காசைத் தொட்டதே இல்லை. கடையில் தாள், பஸ்ஸில் தாள், காளி கோயில் உண்டியலிலும் தாள். 1999 என்று வருடம் போட்டு 50 கியாட்டிலும் 100 கியாட்டிலும் காசு அடித்தார்கள் என்று சொன்னால் பெரியவர்களே நம்புவதில்லை. கியாட் என்று எழுதுகிறோமே தவிர, பேச்சில் நாங்கள் சாட் என்றுதான் சொல்வோம்.

அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் தோழி வந்தாள், தோழியின் அப்பா வந்தார். இப்போது மாதத்துக்கு ஒருவராவது "நாங்களும் பழைய காசு சேர்க்கலாம் என்றிருக்கிறோம், எங்கே போய் வாங்குவது?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். முதல் மூன்று மாதம் எங்கேயும் போகாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். உங்கள் வீட்டைத் தேடுங்கள். பரண், பூஜையறை, அம்மாவின் தையல் டப்பா, பாட்டியின் சுருக்குப்பை, அரிசிப் பானையின் அடி. இந்த நாட்டில் நான்கு தலைமுறை வாழ்ந்த தமிழ்க் குடும்பம் எதுவானாலும் சரி, எங்கேயாவது ஒரு மூலையில் பத்துக் காசாவது இருக்கும். உங்கள் வீட்டு மனிதர்கள் கையில் புழங்கிய காசிலிருந்து தொடங்கினால் அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு ஆள் இருக்கும். கடையில் வாங்கிய காசுக்கு அந்த வசதி கிடையாது.

எனக்கு அது என் அப்பாயியின் ஓவல்டின் டப்பாவில் தொடங்கியது. அப்பாயி பிறந்தது சிரியத்தில், இன்றைய தான்லினில். தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நெல் அறுப்புக்குக் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். 1998-இல் அப்பாயி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பரணைச் சுத்தம் செய்யும்போது அந்த டப்பா கிடைத்தது. மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அப்பா திருப்புளியை வைத்து நெம்பித்தான் திறந்தார். உள்ளே கிழிந்த வேட்டித் துண்டில் சுற்றி 43 காசுகள். விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் இரண்டு, எட்வர்டு மன்னர் ரூபாய் ஒன்று, கம்பெனிக் காலத்துக் கால் அணா ஒன்று, நடுவில் ஓட்டை போட்ட காலணாக்கள் ஏழெட்டு, மீதியெல்லாம் பர்மாக் காசுகள். டப்பாவின் அடியில் நான்காக மடித்த ஜப்பான் நோட்டு ஒன்றும் இருந்தது.

அப்பாயி ஏன் காசாகச் சேர்த்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாள் பணம் செத்துப்போவதை அவர் வாழ்நாளில் நான்கு முறை பார்த்தவர். 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், அவன் நோட்டு வந்தது. ரூபாய் என்றே அச்சிட்டு, பர்மாவுக்கு என்று அடையாளமாக முதலில் பி என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருப்பான். 1945-இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதம். பிறகு 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1985 நவம்பரில் மறுபடியும் 50, 100. ஓரளவுக்கு மட்டும் மாற்றிக்கொள்ள விட்டார்கள். கடைசியாக 1987 செப்டம்பர் 5. அன்றைக்கு 25, 35, 75 கியாட் நோட்டுகள் மூன்றும் ஒரே நாளில் செல்லாமல் போயின, மாற்றித் தருவதும் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா வைத்திருந்தது சின்ன மளிகைக் கடை. மறுநாள் காலை அவர் கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடவும் இல்லாமல் எழுந்திருக்கவும் இல்லாமல், அப்படியே உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்ன அத்தையின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் முழுவதும் 75 கியாட் நோட்டு. அந்தக் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

இரண்டு வாரம் கழித்துப் புது நோட்டு வந்தது, 45 கியாட், 90 கியாட். இரண்டுமே ஒன்பதால் வகுபடும் எண். ஆட்சியில் இருந்தவருக்கு ஒன்பது ராசி என்று ஊரே சொன்னது. கடையில் சில்லறை கொடுக்க அப்பா ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தாளில் எழுதிக் கல்லாவில் ஒட்டி வைத்தார், நான் அதைப் பார்த்துத்தான் ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் படித்தேன். செல்லாத 35 கியாட் நோட்டில் நாங்கள் கப்பல் செய்து சாக்கடையில் விட்டோம். இன்றைக்குச் சேர்ப்பவர்கள் அதே நோட்டைக் கசங்காமல் கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். அந்த 43 காசுகளை வைத்துக்கொண்டு நான் செய்த முதல் காரியம், சேர்க்கத் தொடங்கும் யாரும் செய்யக் கூடாதது. தேய்த்துக் கழுவினேன்.

நம் வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? செம்புக் குடத்துக்குப் புளி, வெள்ளி விளக்குக்கு விபூதி. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதைத்தான் செய்வார். நானும் கால் அணாவைப் புளிக்கரைசலில் ஊறப் போட்டேன், எட்வர்டு ரூபாயை விபூதி போட்டுத் துணியால் தேய்த்தேன். அந்தக் கால் அணா 1835-ஆம் வருடத்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் அதைத் தாங்கிப் பிடிக்கிற இரண்டு சிங்கங்களும், மறுபக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பும் இருக்கும். ஊறப் போடும் முன் அது பழுத்த பேரீச்சம்பழ நிறத்தில் இருந்தது. பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது தோலுரித்த மாதிரி வெளுத்த ரோஸ் நிறம். சிங்கங்களின் பிடரிமயிர் வரைக்கும் கருப்பாகப் படிந்திருந்து கோடுகளை எடுத்துக் காட்டியதே, அதெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. மூன்று வாரத்தில் மழை ஈரத்துக்கு ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்தது, பிறகு பச்சை ஏறியது.

பின்னால் பன்சோடான் தெருவில் பழைய புத்தகங்களோடு காசும் நோட்டும் வைத்து விற்கும் ஒரு பர்மியப் பெரியவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஊலே, அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை. "கழுவினாயா?" என்று மட்டும் கேட்டார். செம்பின்மேல் நூறு வருடமாகப் படிகிற அந்தப் பழுப்பு, அழுக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உலோகமே காற்றோடு சேர்ந்து தன் மேல் போட்டுக்கொள்கிற போர்வை அது, அடியில் இருப்பதைக் காப்பதும் அதுதான். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும், கூடவே கொஞ்சம் செம்பையும். வெள்ளி ரூபாயின் கதை வேறு மாதிரி. விபூதி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது பொடி, பொடி கீறும். எட்வர்டின் கன்னத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தலைமுடி போன்ற நூறு கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. அவை என் துணி ஓடிய திசை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அந்த ரூபாயை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருநாள் ஊறவிட்டு எடுத்து, மெல்லிய துணிமேல் வைத்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோன் உலோகத்தைத் தொடாமல் பிசுக்கை மட்டும் எடுக்கும். நகப்பூச்சு அழிக்க விற்கும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். இதற்கு மேல் எதுவும் செய்யத் தோன்றினால் காசைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

வைத்துக்கொள்வது எப்படி என்பது எங்கள் ஊரில் தனிக் கவலை. ரங்கூனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மே கடைசியில் தொடங்கினால் அக்டோபர் வரை அலமாரிக்குள் செருப்பில்கூடப் பூஞ்சை பிடிக்கும். நான் தொடங்கிய காலத்தில் கையில் கிடைத்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்தேன். பிவிசி பிளாஸ்டிக் அது. சூட்டிலும் ஈரத்திலும் அதிலிருந்து ஏதோ கசிந்து காசுமேல் பச்சைக் கூழாகப் படிந்துவிட்டது, நான்கு காசு போயிற்று. இப்போது காசுக்கென்றே வரும் அட்டைச் சட்டம்தான், நடுவில் தெளிவான தாள் வைத்தது. காசை அதில் வைத்து மடித்து ஓரத்தில் பின் அடித்துவிடலாம். அதுவும் கிடைக்காவிட்டால் அமிலமில்லாத வெள்ளைக் காகிதத்தில் பொட்டலம் மடியுங்கள். ரப்பர் பேண்டு ஆகவே ஆகாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கிவிடும். மருந்துப் பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து ஒரு மூடி இறுகிய டப்பாவில் காசுகளோடு போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை அவற்றை எடுத்து இளஞ்சூட்டில் உலர்த்துங்கள். காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். முகத்தில் விரல் பட்டால் வியர்வை உப்பு அப்படியே ரேகையாகப் பதிந்து, ஒரு வருடம் கழித்துக் கருப்பாகத் தெரியும். எங்கள் வெக்கையில் வியர்க்காத விரல் ஏது?

படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே ஓடியது இந்தியக் காசுதான். 1937 ஏப்ரலில் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்த பிறகும் காசு மாறவில்லை, நோட்டுகளில் மட்டும் பர்மாவில்தான் செல்லும் என்று மேலச்சு போட்டார்கள். ஆகவே பர்மாத் தமிழன் வீட்டு டப்பாவும் காரைக்குடி வீட்டு டப்பாவும் 1947 வரைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். விக்டோரியா தலை போட்ட ரூபாயில் ராணி என்று எழுதியிருக்கிறதா, பேரரசி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 1877-இலிருந்துதான் பேரரசி. 1862 என்று போட்ட ரூபாய் 1862-இல்தான் அடித்தது என்று நம்பிவிடாதீர்கள், அந்த வருடத்தை மாற்றாமலே பத்து வருடத்துக்கு மேல் அடித்தார்கள். உண்மையில் எந்த வருடம் என்பதைப் பின்பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு புள்ளிகளைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள். எட்வர்டு தலையில் கிரீடம் இருக்காது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம் கீழே இருக்கும் தாமரையின் அடியில் ஒரு புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது, 1947-இல் வந்தது முழுக்க நிக்கல். 1940-க்கு முந்தைய ரூபாய்கள் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி.

ஒரு அணாவைக் கையில் எடுத்தால் எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம். விளிம்பு நெளிநெளியாக இருக்குமே, அந்த அணாதான். மதிப்பை வங்காளம், தெலுங்கு, இந்தி, உருது என்று நான்கு மொழியில் எழுதியிருப்பார்கள். தமிழ் இல்லை. அதற்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி அடித்த காசுகளில் தமிழ் எழுத்து உண்டு. ஒன்றே ஒன்று என் கைக்கு வர வேண்டும் என்று பல வருடமாகத் தேடுகிறேன்.

பர்மாக் காசு சேர்க்க வேண்டுமென்றால் பர்மிய எண் தெரிய வேண்டும், அது எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். சுழியம் முழு வட்டம், ஒன்று கொஞ்சம் வாய் திறந்த வட்டம், தேய்ந்த காசில் இந்த இரண்டும்தான் ஏமாற்றும். மன்னர் காலத்துக் காசில் பர்மிய ஆண்டு இருக்கும், அதோடு 638-ஐக் கூட்டினால் நம் வருடம். மின்டோன் மன்னரின் மயில் காசில் 1214 என்று இருக்கும், அதாவது 1852. தோகை விரித்த மயில் ஒரு பக்கம், மறுபக்கம் மாலை வளையத்துக்குள் எழுத்து. மாண்டலேயில் இயந்திரம் வைத்துக் காசடித்தது 1860-களில்தான், ஆனாலும் ஆண்டு 1214 என்றே போட்டார்கள்.

இந்த மயில் காசில்தான் நான் இரண்டாவது முறை அடிபட்டேன். தொடங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். சந்தையில் ஒரு கடையில் அழகான மயில், தோகையில் ஒவ்வொரு கண்ணும் தெரிகிறது, கருப்பேறிப் பழையதாகவும் இருக்கிறது. ஒரு மாத டியூஷன் பணத்தைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து, தெரிந்த நகைக்கடைத் தராசில் போட்டபோது 9 கிராம் சொச்சம். உண்மையான ஒரு கியாட் மயில் காசு ஏறக்குறைய வெள்ளி ரூபாயின் எடை இருக்க வேண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால் மயிலின் கழுத்தைச் சுற்றி அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு. அச்சில் அடித்த காசில் அந்தக் குழிகள் வராது, உருக்கி ஊற்றினால்தான் காற்றுக் குமிழி குழியாகும். கோடு, இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம். அந்தக் கருப்பும் பூசியதுதான், ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பயணிகளுக்காக இப்படி எத்தனையோ மயில்கள் செய்து விற்கிறார்கள் என்று ஊலே பிறகு சொன்னார். வாங்குவதற்கு முன் தராசைத் தேடாமல் விட்டது என் தவறுதான். இப்போது சட்டைப்பைக்குள் அடங்குகிற மின் தராசு ஒன்றும், ஒரு சின்னக் காந்தமும், பத்து மடங்கு காட்டும் கண்ணாடியும் இல்லாமல் நான் எந்தக் கடைப் படியும் ஏறுவதில்லை. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி இல்லை. எடையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாதித் தூரம் வந்திருக்கிறோம்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் மயிலில் தொடங்க வேண்டாம். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வங்கி நோட்டு என்று யாராவது நீட்டினாலும் கை வைக்க வேண்டாம். அந்த வங்கி 1944 ஏப்ரலில் இதே ரங்கூனில்தான் தொடங்கப்பட்டது, நம் பாட்டிமார் தோட்டையும் வளையலையும் கழற்றிக் கொடுத்தது நேதாஜியின் படைக்குத்தான், அதனால் நமக்கு அதன்மேல் ஆசை வருவது இயற்கை. அந்த ஆசையை வைத்தே போலி செய்து விற்கிறார்கள். பர்மாவில் பழங்காலத்தில் வாழ்ந்த பியூ மக்களின் வெள்ளிக் காசும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக. உதயசூரியனும் ஸ்ரீவத்ஸமும் போட்ட ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட காசு, சில்லறைக்காக அதையே துண்டாக வெட்டிக்கூடப் பயன்படுத்தினார்கள். பார்த்தால் விட மனம் வராது. ஆனால் பியூ நகரங்களான ஹலின், பெய்க்தானோ, ஸ்ரீ க்ஷேத்ரா மூன்றும் 2014 முதல் உலகப் பாரம்பரிய இடங்கள். அந்தக் காசு கடைக்கு வருகிறதென்றால் யாரோ எங்கேயோ தோண்டியிருக்கிறார்கள். மண்ணில் எந்த இடத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அந்தக் காசின் பாதிச் செய்தி, தோண்டியவனின் மண்வெட்டி அதை அழித்துவிட்டுத்தான் காசை நமக்குத் தருகிறது. நான் வாங்குவதில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

1949-இலிருந்து தொடங்குங்கள் என்பேன். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் பர்மாக் காசுகள், சிந்தே என்கிற கோயில் சிங்கம் போட்டவை. அப்போது கணக்கு பே, அணாவுக்குப் பர்மியப் பெயர். ஒரு பே நெளி விளிம்பு, இரண்டு பே சதுரம். அதாவது ஒரு அணாவும் இரண்டணாவும் எந்த வடிவமோ அதே வடிவம். நாடு மாறியது, சின்னம் மாறியது, மக்களின் விரலுக்குப் பழகிய வடிவத்தை மட்டும் மாற்றவில்லை. 1952-இல் ஒரு கியாட்டுக்கு 100 ப்யா என்று பதின்மக் கணக்குக்கு மாறியபோதும் 5 ப்யா நெளி விளிம்பு, 10 ப்யா சதுரம் என்று அதையே தொடர்ந்தார்கள். கணக்கு மாறினாலும் பர்மியர்கள் வாய் மாறவில்லை, 25 ப்யாவுக்கு ஒரு மத், 50 ப்யாவுக்கு ஐந்து மூ என்று பழைய பெயரையே சொன்னார்கள். 1966-இல் அவுங் சான் தலை போட்ட அலுமினியக் காசு, ஊதினால் பறக்கும் போல இருக்கும். 1975-இல் நெற்கதிர் போட்ட ஒரு கியாட். இவையெல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஆல்பத்துக்குள் அடங்கிவிடும், விலையும் பயமுறுத்தாது, போலி செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள். முடிக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டால்தான் தொடங்கியவர் விட்டுவிட்டு ஓடமாட்டார்.

வடிவம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாயி கரண்ட் போன ராத்திரியில் சுருக்குப்பைக்குள் கையை விட்டுக் கட்டைவிரலால் தடவியே கேட்ட காசை எடுத்துக் கொடுப்பார். எங்கள் பூஜையறையில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்று இருக்கிறது. 1964-இல் சொந்தபந்தமெல்லாம் கடைகண்ணியை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனபோது, நாமும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் குலதெய்வக் கோயிலில் வந்து செலுத்துகிறேன் என்று அப்பாயி நேர்ந்து முடிந்தது. போகவில்லை. தாத்தா மறுத்துவிட்டார். துணியின் மஞ்சள் மங்கிக் காவியாகிவிட்டது, முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. என் கட்டைவிரலுக்கு உள்ளே நான்கு மூலை தெரிகிறது, மூலைகள் மழுங்கல். இரண்டு பேயாக இருக்கலாம், 10 ப்யாவாக இருக்கலாம். அவிழ்த்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். காசு சேர்க்கிறவன் வீட்டில் எந்தக் காசு என்று தெரியாத காசு அது ஒன்றுதான், அது அப்படியே இருக்கட்டும். வேண்டுதல் காசைச் சேகரிப்புக்கு எடுக்காதீர்கள்.

வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தக் காசு, எடை, யாரிடம், என்றைக்கு, என்ன விலை. வீட்டில் கிடைத்ததென்றால் யாருடையது, அவர் எந்த ஊர், என்ன வேலை செய்தார். பத்து வருடம் கழித்து விலை மறந்துபோனால் பரவாயில்லை, ஆள் மறந்துபோகக் கூடாது. என் முதல் நோட்டில் நான் இதை எழுதாமல் விட்டதால் ஒன்பது காசுகள் இப்போது யார் கொடுத்தது என்றே தெரியாமல் இருக்கின்றன. கொடுத்தவர்களில் சிலர் உயிரோடும் இல்லை.

அந்த நோட்டில் கடைசியாக ஏறிய வரி போன தைப்பொங்கலுக்குத் தொங்வாவில் பெரிய அத்தை வீட்டுக்குப் போனபோது எழுதியது. அத்தையிடம் ஏழு வெள்ளி ரூபாய் கோத்த ஒரு அட்டிகை இருக்கிறது, அவர் மாமியார் போட்டது. ஒவ்வொரு காசின் தலையிலும் வளையம் வைத்துப் பற்றவைத்திருக்கிறது, பற்றாசு வழிந்து மன்னர்களின் உச்சந்தலை மூடியிருக்கிறது. கடையில் கொடுத்தால் வெள்ளி விலைதான், சேர்க்கிறவர் யாரும் தொடமாட்டார்கள். அப்படித்தான் நானும் இத்தனை வருடம் அதைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் இருந்தேன். இந்த முறை ஏனோ கேட்டேன். அத்தை கழுத்திலிருந்து கழற்றாமலே, "பாரேன், நான் எங்கே போகப்போகிறேன்" என்று முற்றத்து வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தார்.

நான் தேடியது 1911. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் அடித்த முதல் ரூபாயில் அவர் அங்கியின்மேல் ஒரு யானை உருவம் உண்டு. தும்பிக்கையும் காலும் குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று பேச்சு கிளம்பி, முஸ்லிம்கள் மனம் புண்பட்டு, அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடித்தது 94 லட்சம், வெளியே வந்தது 7 லட்சம் என்பார்கள், மீதி உருக்கப்பட்டது. 1912-இல் யானையைத் திருத்திப் புதிதாக அடித்தார்கள். அட்டிகையில் முதல் காசு 1918. இரண்டாவது எட்வர்டு. மூன்றாவது, நான்காவது மறுபடி ஜார்ஜ், 1914, 1916. ஐந்தாவதைத் திருப்பினேன், தேய்ந்திருந்தாலும் நான்கு எண்ணும் தெரிந்தன. முன்பக்கம் திருப்பிக் கண்ணாடியை வைத்தேன். அங்கியின் மடிப்பில், கழுத்துச் சங்கிலிக்குக் கீழே, குட்டைக் கால்களோடு அது நின்றுகொண்டிருந்தது.

அத்தையிடம் கதையைச் சொன்னேன். கண்ணாடியை வாங்கி, மாலையைத் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். "பன்றி என்று ஏண்டா சொல்கிறாய், வராகம் என்று சொல்லேன். அந்தக் காலத்தில் தங்கக் காசுக்கே வராகன் என்றுதானே பேர்" என்றார். நான் கேட்கவில்லை, அவரும் தருகிறேன் என்று சொல்லவில்லை. கோத்திருந்ததால் எடை போட முடியவில்லை. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 1911, ஐந்தாம் ஜார்ஜ், கல்கத்தா, வளையம் பற்றவைத்தது, வராகம், பெரிய அத்தை கழுத்தில், தொங்வா.